மதில்மேல் எமீமாள்

மரப்படிகள் முடிந்து, மதிலுக்குள்ளேயே நீளமாக ஓடும் நடைக்கு ஏறி வந்ததும் எமீமாளை முதலில் எதிர்கொண்டது காற்றுதான். ஏரியின் மேலாக வந்து, செங்கல்லில் குடைந்திருந்த துளைகளுக்குள் புகுந்து, கன்னத்தில் ஓங்கி அறைந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் திரும்பும்போது ஜன்னல் ஷட்டரைப் பிய்க்கப் பார்க்குமே, அந்தக் காற்றுக்கு இது ஒன்றுவிட்ட தங்கச்சி, கொஞ்சம் ஈரம் கூடினவள், என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நினைப்பு எப்போதும்போல வாய்க்கால் தண்ணீராக ஓடிக்கொண்டுதான் இருந்தது, வாய்க்கு வரும் இடத்தில்தான் மடை அடைத்துக்கொள்ளும். காற்று, காற்று என்று ஒரு தரம் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கு அடியில் வேறொரு பாஷையில் இன்னொரு சொல், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல அசைந்தது. வேண்டாம், கிடக்கட்டும் என்று நிமிர்ந்து பார்த்தாள். வளைவுக்குப் பின்னால் வளைவாகச் செங்கல் போய்க்கொண்டே இருந்தது, ஒரு பக்கம் மடத்தின் கோபுரக் குமிழ்கள், மறுபக்கம் துளைகளுக்கு வெளியே துண்டு துண்டாக ஏரி. வடக்கு ருஷ்யாவில், வோலக்தாவிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர வேண்டிய கிரில்லோவ் என்ற சின்ன ஊரில், துறவிகளின் மடமும் கோட்டையும் ஒன்றாகவே எழும்பி நிற்கிற இந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு காலத்தில் அவள்தான் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோர் காதையும் புளிக்க வைத்திருந்தாள். இப்போது கூட்டிக்கொண்டு வந்திருப்பது அவள் வீட்டுக்காரர் ஞானசிகாமணி. முன்னால் நடந்துகொண்டிருந்தார், ஆலயத்தில் காணிக்கைத் தட்டு பிடிப்பதுபோல இரண்டு கையாலும் செல்போனை ஏந்திக்கொண்டு. அவர் பக்கத்தில் அவருடைய தங்கச்சி லீதியாள், இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் சால்வை. "சாயங்காலம் இங்கிலீஷ் தெரிஞ்சவ வருவான்னு கவுண்டர்ல சொன்னாளே அண்ணே, கேட்டியளா நீங்க?" "போன் இருக்குல்லா பிள்ளே. அவ சொல்லச் சொல்ல இது தமிழ்ல சொல்லிரும்." அவர்களுக்கும் முன்னால் மடத்தின் வழிகாட்டி, ருஷ்ய மொழி தவிர வேறொன்றும் தெரியாத, எமீமாளின் வயதே இருக்கும் ஒரு அம்மாள். கலீனா என்று அவள் மார்பில் குத்தியிருந்த அட்டையை எமீமாள் பார்த்த மாத்திரத்தில் படித்துவிட்டிருந்தாள். படித்தபிறகுதான் அது ருஷ்ய எழுத்து என்பது உறைத்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவள்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

எமீமாளுக்கு ருஷ்ய மொழி தெரியும். தெரிந்திருந்தது. எது சரி என்று அவளுக்கே தெரியவில்லை, அதுதான் பயம். கூடங்குளத்தில் அணுமின் நிலையம் கட்ட வந்த ருஷ்ய எஞ்சினியர்களுக்கும் நம்முடைய ஆட்களுக்கும் நடுவே நின்று, இவர்கள் சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை இவர்களுக்கும் மாற்றிச் சொல்வதுதான் கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய வாழ்க்கையில் பெரும்பகுதி. இறுக்கு என்று ஒருவன் சொன்னால் மற்றவனுக்கு அது இறுக்கு என்றே போய்ச் சேர வேண்டும், தளர்த்து என்று சேர்ந்துவிடக் கூடாது, நடுவில் நிற்கிறவளின் நாக்கு வழுக்கக் கூடாது. வழுக்கியதே இல்லை. அப்படிப்பட்டவள் போன வருஷம் ஒரு காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து காப்பி கேட்கப் போனாள், வாயிலிருந்து வந்தது 'சாவி'. அவர் சாவியை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். இல்லை என்று தலையாட்டி, நன்றாக யோசித்து, நிதானமாக மறுபடியும் சொன்னாள்: "சாவி." அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, பக்கவாதம் என்றார்கள், வலதுகை மரத்துப்போய் மெல்லத் திரும்பி வந்தது, நடை வந்தது, சொல் மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் படம் காட்டுவாள். சீப்பு. இது என்ன, சொல்லுங்க ஆன்ட்டி. அவளுக்குத் தெரியும், சீப்பு என்று தெரியும், சீப்புக்கு ருஷ்ய மொழியில் என்ன என்பதுகூட ஒரு காலத்தில் தெரியும், சொல்ல வராது. வந்த அன்றைக்கு அந்தப் பெண் கைதட்டினாள். அந்தக் கைதட்டலைப்போல அவளை அழவைத்தது வேறொன்றும் இல்லை. ஒரு வருஷத்துக்குள்ளே வந்ததுதான் வந்தது, அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார், அவளிடம் அல்ல, அவள் தலைக்கு மேலாக அவரிடம். வருஷமும் கழிந்துவிட்டது. அதற்குள் வீட்டில் எல்லோரும் அவளுக்காகப் பேசப் பழகிக்கொண்டார்கள். லீதியாள் நல்லவள், ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவள், தலை பின்னிவிட்டவள். ஆனால் அவளுக்குப் பொறுமை கிடையாது. எமீமாள் மோ என்று தொடங்கினால் மைனிக்கு மோர் வேணுமாம் என்று முடித்துவிடுவாள். எமீமாள் சொல்ல வந்தது மோட்டாரை நிறுத்து என்பதாக இருக்கும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் முற்றத்தில் கொட்டிக்கொண்டிருக்கும், மோர் வரும். வாங்கிக் குடித்துவிடுவாள். இல்லை என்று சொல்வதற்கும் ஒரு சொல் வேண்டும் அல்லவா. தமிழிலேயே இந்தக் கதி என்றால் ருஷ்ய மொழி? அந்த அறையை அவள் திறந்தே பார்க்கவில்லை. திறக்கப் போய், உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறும் சுவராக இருந்துவிட்டால்? பூட்டியே கிடந்தால் ஒருவேளை இருக்கிறது என்றாவது நினைத்துக்கொள்ளலாம். அதனால்தான் மாஸ்கோவில் இறங்கியதிலிருந்து காதில் விழுகிற ருஷ்யப் பேச்சை எல்லாம் மழைச் சத்தம்போல விழ மட்டும் விட்டு, சொல்லாக ஆக விடாமல், கண்ணை மூடிக்கொண்டும் தலைவலி என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிக்கொண்டும் வந்துகொண்டிருந்தாள்.

கலீனா ஒரு துளைக்குப் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தாள். கணீரென்ற குரல், ஒவ்வொரு வாக்கியத்தையும் பந்தி பரிமாறுகிறவள்போல நிறுத்தி நிறுத்தி இலையில் வைத்தாள். ஞானசிகாமணி போனை நீட்டினார். போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, மூச்சே விடாத ஒரு பெண்குரலில் தமிழ் பேசியது. கிரில் என்ற துறவி மாஸ்கோவிலிருந்து நடந்து வந்து ஏரிக்கரை மேட்டில் குகை தோண்டிக் குடியிருந்தான் என்றது. சரிதான். பிறகு மடம் வளர்ந்தது, மதில் வளர்ந்தது, போலந்துப் பக்கத்திலிருந்து படை வந்து மதிலைச் சூழ்ந்தது என்றது. அதுவும் சரிதான். எமீமாள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை, கேட்கவே இல்லை, ஏரியில் ஒரு படகு மட்டும் அசையாமல் நின்றது, அந்தப் படகில் இருப்பவனுக்குக் குளிராதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அப்போது போன் சொன்னது: "துறவிகள் சுவர்களின் மேல் நின்று பகைவர்கள் மீது வெங்காயத்தைச் சுட்டார்கள்." ஞானசிகாமணி போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "வெங்காயமா?" என்றாள் லீதியாள். "இந்த ஊர்ல சுட்டுத் திம்பாவளா இருக்கும் பிள்ளே." "சண்டைக்கு நடுவுலயா அண்ணே?" எமீமாளின் வயிற்றில் எங்கோ அடியில் ஒன்று குலுங்கியது. இருமல் என்று நினைத்தாள். இருமல் இல்லை. அது மேலே ஏறி, நெஞ்சைத் தாண்டி, மூக்கு வழியாகப் பீறிட்டது. தோளெல்லாம் குலுங்க மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கருங்குப்பாயம் போட்ட தாடிக்காரர்கள் வரிசையாக நின்று கோணியிலிருந்து வெங்காயத்தை எடுத்து எடுத்து எறிகிறார்கள், கீழே குதிரைப்படை கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடுகிறது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று சிரிப்பு நின்றது. எதற்காகச் சிரித்தாள்? வெங்காயத்துக்குச் சிரிக்கவில்லை. போன் வாய் திறப்பதற்கு முன்னாலேயே கலீனா சொன்னது காதில் விழுந்திருந்தது, லூக் என்று விழுந்திருந்தது. வில்லுக்கும் லூக், வெங்காயத்துக்கும் லூக், அந்தப் பாஷையில் இரண்டும் ஒன்று. அவளுக்குள் வில் என்று நிமிர்ந்து நின்றதை இந்தப் போன் வெங்காயமாக உரித்துவிட்டது. போன் தப்பாகச் சொன்னது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சரி எது என்று தெரிந்தால்தானே தப்பு தெரியும். அப்படியானால் கதவு எப்போதோ திறந்திருக்கிறது, அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள், உள்ளே சாமான் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது.

சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல்தான். வில். இரண்டு எழுத்து. நாக்கை மடக்கினாள், "வி..." என்றாள், "வில..." என்றாள், அதற்குள் லீதியாள் திரும்பிவிட்டாள். "விளக்கா மைனி? வெளிச்சம் பத்தலையோ? இந்தாங்க, என் கையப் பிடிச்சுக்கிடுங்க." கை வந்தது. எமீமாள் பிடித்துக்கொண்டாள், மோரைக் குடித்ததுபோல. இப்படித்தான் இருக்கும், இனி இப்படித்தான், அறையில் சாமான் இருந்து என்ன, வாசலில் இவர்கள் எல்லாம் அன்பாகச் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று கசந்தது. வில் போகட்டும். நானூறு வருஷத்துக்கு முந்தின சண்டை, வெங்காயத்தால் நடந்தால்தான் யாருக்கு என்ன நட்டம். கலீனா நடந்து அடுத்த வளைவுக்குப் போய், கீழே தரையோடு தரையாக இருந்த இருட்டு அறைகளைக் கைகாட்டினாள். அவள் முகத்தில் ஒரு பெருமை, தன் வீட்டுச் சமையல்கட்டைக் காட்டுகிறவளின் பெருமை. பேசினாள். எமீமாள் இந்தத் தடவை காதை மூடிக்கொள்ளவில்லை, மூடத் தோன்றவில்லை. ஒவ்வொரு சொல்லும் அதனதன் செருப்பைப் போட்டுக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தது. போன் மூச்சு விடாமல் சொன்னது: "துறவிகள் பல வருஷங்களுக்குத் தேவையான சித்திரவதையை மூட்டைகளில் கட்டி இந்த அறைகளில் சேமித்து வைத்திருந்தார்கள்." லீதியாளின் கை அவள் கையில் இறுகியது. "ஏசப்பா! அண்ணே, இது என்ன மடம்?" ஞானசிகாமணியும் வெளிறிப்போனார். "அந்தக் காலத்துல துறவிகள் தங்களத் தாங்களே அடிச்சுக்கிடுவாவளாம், எங்கயோ வாசிச்சிருக்கேன்." "அடிச்சுக்கிட்டா மூட்டை எதுக்கு? வேண்டாம், எனக்கு இந்த இடமே வேண்டாம். மைனியையும் கூட்டிக்கிட்டு எறங்குவோம்." லீதியாள் அந்த அறைகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியை நோக்கி எமீமாளை இழுத்தாள். கலீனா பேச்சை நிறுத்திவிட்டாள். என்ன தப்பாகச் சொன்னோம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், பெருமை இருந்த இடத்தில் இப்போது வெறும் குழப்பம், அதற்குப் பின்னால் அடிபட்ட ஒரு சின்ன வருத்தம். அந்த முகத்தை எமீமாளுக்குத் தெரியும். சொன்னது ஒன்றும் போய்ச் சேர்ந்தது ஒன்றுமாக ஆகிவிட்டவர்களின் முகம் அது. அந்த முகம் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் அவளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த முகத்தை அவள் ஒரு வருஷமாகக் கண்ணாடியிலும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மூக்க, முக்கா. திருவனந்தபுரத்தில் ருஷ்ய வகுப்பு, மாடியில், ஓட்டை ஃபேனுக்குக் கீழே முதல் பெஞ்சில் கல்யாணம் ஆகாத எமீமாள். டீச்சர் பலகையில் ஒரே சொல்லை எழுதி, முன்னால் அழுத்தினால் வேதனை, சித்திரவதை, பின்னால் அழுத்தினால் மாவு என்றார்கள். மலையாளத்துப் பிள்ளைகள் எல்லாம் குழம்பி மாவை வேதனை என்றும் வேதனையை மாவு என்றும் சொல்லித் திட்டு வாங்க, அவள் மட்டும் நோட்டின் ஓரத்தில் தமிழில் ஒரு வித்தை பண்ணி வைத்துக்கொண்டாள். மூக்கைப் பிடித்தால் வேதனை. முக்கா படி மாவு. ஆயுசுக்கும் மறக்காது என்று அன்றைக்குச் சிரித்தாள். மறக்கவில்லை, மறக்கவில்லை, தொண்டைக்கு வந்துவிட்டது, இதோ பல்லுக்குப் பின்னால் நிற்கிறது, லீதியாள் இழுக்கிறாள், படி வந்துவிட்டது, வாய்க்குள் சாவி, சீப்பு, விளக்கு, மோர் என்று வேண்டாததெல்லாம் முண்டியடிக்கிறது, பொறு, பொறு, அதெல்லாம் ஒதுங்கு, இது போகட்டும் முதலில். லீதியாளின் கையை உதறினாள். ஒரு வருஷத்தில் அவள் யாருடைய கையையும் உதறியதில்லை. "முக்கா!" என்றாள். மதில் அதை வாங்கி வளைவு வளைவாக அனுப்பி வைத்தது. கலீனா நிமிர்ந்தாள். "மாவு," என்றாள் எமீமாள், இந்தத் தடவை தமிழில், தன் ஆட்களிடம். "மாவா மைனி? பசிக்கா? அண்ணே, மைனிக்கு..." "லீதியா, நீ செத்த வாய மூடிட்டு நில்லு. அவ சொல்லட்டு," என்றார் ஞானசிகாமணி. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது எமீமாளுக்கே இப்போதுதான் தெரியும். எல்லோரும் நின்றார்கள். காற்றுகூடக் கொஞ்சம் நின்றது. எமீமாள் தன் மூக்கைப் பிடித்துக் காட்டி, "மூக்க, வே... வேதனை. இல்ல," என்றாள். பிறகு கையால் அளந்து, "முக்கா படி. மாவு. மூட்டை... மூட்டையா மாவு. சாப்பிட. பகை... வெளிய நிக்கான். உள்ள, பசி இல்ல." ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து வாளி இறைப்பதுபோல இழுத்து இழுத்து வைத்தாள், பாதி சிந்தியது, சிந்தட்டும். அதைத் தொடர்ந்து, தன்னாலேயே, "வெங்காயம் இல்ல. வில்லு," என்றாள். லீதியாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

கலீனா கிட்டே வந்தாள். நீங்கள் ருஷ்யன் பேசுவீர்களா என்று ருஷ்யனில் கேட்டாள். எமீமாளின் நாக்கில் முதலில் எழும்பியது 'கவரீலா', பேசிக்கொண்டிருந்தேன், முன்னொரு காலத்தில். அதைப் பாதி சொல்லியும் விட்டாள். பிறகு அதைப் பிடித்து நிறுத்தி, உள்ளே தள்ளி, தலையை நிமிர்த்திச் சொன்னாள்: "கவர்யூ." பேசுகிறேன். அவ்வளவுதான், கலீனா தன் பந்தியை மறுபடியும் தொடங்கிவிட்டாள், இந்தத் தடவை எமீமாளுக்கு நேராக. எமீமாள் வாங்கினாள், மாற்றினாள், கொடுத்தாள். அழகாக ஒன்றும் இல்லை. கல் என்பதற்குச் சாவி என்று வந்தது, சீ, என்று தன்னையே வைதுகொண்டு கல் என்றாள், திருத்திக்கொண்டதில் கல்லையே தூக்கி வைத்த சந்தோஷம். வினைச்சொல் வராத இடத்தில் கையால் குத்தினாள், கட்டினாள், ஓட ஓட விரட்டினாள். படை வந்தது, பல தடவை வந்தது, மதிலைச் சுற்றி நின்றது, சுற்றுப்புறத்தைக் கொள்ளையடித்தது, உள்ளே வர முடியவில்லை, ஒரு தடவைகூட முடியவில்லை. முடியவில்லை என்று அவள் இரண்டு தடவை சொன்னாள், கலீனா ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள். மொழிபெயர்க்கிறவள் தன் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்பது அவளே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இன்றைக்கு ஒரு நாள் சேர்த்துக்கொண்டாள். அப்போது இருந்தது பழைய மதில், இந்தப் பெரிய மதில் அந்தச் சண்டைக்குப் பிறகு கட்டியது, இதை எதிர்த்து ஒரு படையும் வந்ததில்லை என்பதையும் சொல்லி முடித்தாள். ஞானசிகாமணி போனை அணைத்துக் கால்சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். "ஆனா மைனி," என்றாள் லீதியாள், "அந்தச் சண்டைக்குப் பொறவுதான் இந்தப் பெரிய மதிலக் கட்டினாங்கன்னு சொல்லுதியளே, இதுக்கு ஒரு சண்டையுமே வரலன்னும் சொல்லுதிய. பின்ன எதுக்குக் கட்டினாவ?" நல்ல கேள்வி. எமீமாள் அதை ருஷ்யனாக்கினாள். தமிழிலிருந்து அங்கே போவது இங்கே வருவதைவிடக் கஷ்டம் என்று ஞாபகம் இருந்தது, ஆனால் போனது, இடறி இடறி மேடு ஏறியது, கலீனா கேட்டுச் சிரித்தாள், இதை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாள், கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னாள். எமீமாள் வாங்கி ஒரு நிமிஷம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். லீதியாள் பார்த்துக்கொண்டே இருந்தாள், உதடு துடித்தது, முடித்துவைக்கவில்லை, பொறுத்தாள். "ஒரு தரம் அடி விழுந்திட்டு. ஜெயிச்சாச்சு. ஆனா... தூக்கம் வரல. தூங்கணும்னு கட்டினாவளாம்." "இவ்வளவு பெருசாவா?" "பயம்... பெருசு பிள்ளே," என்றாள் எமீமாள். இதைக் கலீனா சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடை வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்னால் கலீனாவும் எமீமாளும், பின்னால் மற்ற இருவரும். துளைகளின் வழியே ஏரி வந்து வந்து போனது, படகுக்காரன் இப்போது துடுப்புப் போட ஆரம்பித்திருந்தான். எமீமாளுக்கு நாக்கு வலித்தது, தாடை வலித்தது, நாள் முழுக்க மீட்டிங்கில் நின்றுவிட்டு வீடு திரும்பும்போது வலிக்குமே, அந்தப் பழைய வேலைசெய்த வலி, அதை யாராவது இப்போது வைத்தியம் பண்ணித் தீர்க்க வந்தால் விரட்டியடித்திருப்பாள். சொற்கள் எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை, தெரியும், நாளைக்குக் காலையில் காப்பிக்குப் பதில் மறுபடியும் வேறு என்னவோ வரலாம், வந்தால் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். டாக்டர் ஒரு வருஷம் என்று எதை வைத்துக் கணக்குப் போட்டார், அவருக்கு ஒருவேளை ருஷ்யன் தெரியாதாக இருக்கும் என்று நினைத்ததும் மறுபடியும் சிரிப்பு முட்டியது. மூலைக் கோபுரத்துக்கு வந்து நின்றார்கள். மதிலுக்கு வெளியே புல், அதற்கப்பால் தண்ணீர், வானம் தாராளமாகக் கிடந்தது. "மைனி, இந்த அம்மாவுக்கு எத்தன பிள்ளைங்கன்னு கேளுங்க," என்றாள் லீதியாள். "அதுக்கு முன்னாடி, இந்தச் செங்கல்ல சுண்ணாம்பு வச்சா கட்டியிருக்கான்னு கேளு," என்றார் ஞானசிகாமணி. அதே நேரத்தில் கலீனா, உங்கள் ஊரில் கடல் உண்டா, அதற்கு அலை பெரிதா, அங்கே குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று ருஷ்யனில் அடுக்கிக்கொண்டே போனாள். மூன்று பேரும் ஒரே சமயத்தில், மூன்று பேரும் எமீமாளைப் பார்த்து. "மைனி, அவ என்ன கேக்கா?" எமீமாள் போன வருஷம் மரத்துப்போயிருந்த தன் வலதுகையைத் தூக்கி, உள்ளங்கையை அவர்கள் மூவருக்கும் நேராக விரித்தாள். "ஒவ்வொருத்தரா," என்றாள் தமிழில். அதையே ருஷ்யனில் திரும்பிச் சொன்னாள், கடைசியில் ஒரு தயவுசெய்து மட்டும் சேர்த்து. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு அவளுக்காகக் காத்து நின்றார்கள்.